காப்பாற்றியதற்குக் கூலி

கல்லூரியொன்றின் தமிழ் மன்றத்தார் நடத்திய விவாத அரங்கிலே நடுவராக அமரும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. 'ஆபத்திலிருந்து மீட்கப்பட்டவர் தம் மீட்புச் செலவைத் தாமே செலுத்துதல் வேண்டும்' என்பது விவாதப் பொருள். தலைப்பைக் கண்டவுடனே, வெட்டிப் பேசும் கட்சியார் எளிதில் வென்றுவிடுவர் என்று எண்ணினேன். நடந்ததோ வேறு. ஒட்டிப் பேசிய கட்சியின் தலைவன், மெலிந்த உருவமும் உரத்த குரலும் வாய்ந்த மாணவன், நிதானமாக எழுந்து நின்றான். "மலையுச்சிக்குப் போனவன் தன் ஆசைக்காகப் போனான். அவனைத் தூக்கிவரப் போகிறவனுக்கு வீட்டிலே மனைவி மக்கள் இருக்கின்றனர். ஆசைப்பட்டவன் ஒருவன், உயிரைப் பணயம் வைப்பவன் இன்னொருவன், செலவைக் கொடுப்பவன் மூன்றாமவனா?" என்று கேட்டான். சபை ஆரவாரித்தது. எதிர்க்கட்சியாரிடமோ 'மனிதாபிமானம்' என்ற ஒரு சொல்லே இருந்தது. அதனை அவர்கள் 11 தடவை எடுத்தாண்டனர்; நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவன் தன் சொந்த அபிப்பிராயத்துக்கன்றி அரங்கில் வைக்கப்பட்ட வாதத்துக்கே தீர்ப்பு வழங்க வேண்டியவன். ஆகவே ஒட்டிப் பேசியோருக்கே வெற்றியென்று கூறிவிட்டு மேடையினின்றும் இறங்கினேன்.

வாயிலருகே, தோற்ற கட்சியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி என்னை மறித்தாள். "சேர், எங்கட பக்கத்திலை நீங்கள் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கூறித் தப்பித்துக்கொண்டேன். உண்மையில், அவ்வேளை என்னிடம் விடை இருக்கவில்லை. அன்று அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டிய விடையையே இப்போது எழுதுகிறேன்.

மீட்பும் கூலியும் பழங்காலந்தொட்டு அருகருகே வாழ்ந்துவரும் இடம் கடல். ஆதலின் அங்கேயே தொடங்குவோம். அலையிலே தத்தளிக்கும் கப்பலையோ அதன் சரக்கையோ ஒருவன் காப்பாற்றினால், காப்பாற்றிய பொருளின் பெறுமதியையும் அவன் ஏற்ற ஆபத்தையும் சீர்தூக்கி அவனுக்குக் கூலி வழங்குதல் வேண்டும் என்பது கடற்சட்டத்தின் நெடுநாளைய விதி. இதனையே தொழிலாக நடத்தும் கொம்பனிகளும் உண்டு. அவர்கள் கையாளும் ஒப்பந்தங்களுட் புகழ்பெற்றது, இலண்டன் லொயிட்ஸ் நிறுவனத்தின் பெயரால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழங்கிவரும் 'திறந்த ஒப்பந்தம்' ஆகும். மீட்டால் கூலி, மீளாவிட்டால் ஒரு சதமும் இல்லை என்பது அதன் அடிப்படை. கூலித்தொகை இவ்வளவென்று அதில் முன்கூட்டி நிர்ணயிக்கப்படுவதில்லை. ஆபத்து நீங்கிய பின்னர், இணக்கம் ஏற்படாவிடின், நடுத்தீர்ப்பாளர் அதனை முடிவு செய்வார். புயலுக்கு நடுவே பேரம் பேசி நேரத்தை வீணாக்கலாகாது என்ற நல்ல நோக்கம் இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. 'திறந்த' என்ற அடைமொழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுநேரத்தில் அது நமக்கு வேண்டியதாகும்.

சரக்குக்கு இவ்வாறு விலையுண்டு. உயிருக்கோ? 1910ஆம் ஆண்டு பிரசெல்ஸ் நகரில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை, உயிர் காப்பாற்றப்பட்டவர்கள் அதற்காகக் கூலியெதுவும் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர் என்று விதித்தது. கடலில் அழியும் நிலையிலுள்ள எவரையும், அவர் பகைநாட்டவராயினும், தன் கப்பலுக்குப் பேராபத்து விளையாத வரையில் காப்பாற்றுவது கப்பற்றலைவனின் கடமை என்றும் அதே உடன்படிக்கை கூறியது. 1989ஆம் ஆண்டு இலண்டனில் நிறைவேறிய புதிய உடன்படிக்கையும் இவ்விதியைக் கைவிடவில்லை. இங்கே ஒரு சிக்கல் எழுவதைக் கூரறிவுடைய மாணவர் உடனே காண்பர். பீப்பாயைத் தூக்கினால் பணம், மனிதனைத் தூக்கினால் நன்றி மாத்திரம் என்றால், வறிய மாலுமியின் கை எதை நோக்கி நீளும்? சட்டம் வகுத்தோரும் இதை அறிந்தேயிருந்தனர். ஒரே விபத்தில் ஒருவன் பொருளையும் இன்னொருவன் உயிரையும் காப்பாற்றினால், பொருளுக்குக் கிடைக்கும் கூலியில் உயிர் காத்தவனுக்கும் நியாயமான பங்குண்டு என்று எழுதிவைத்தனர். பங்கைக் கொடுப்பது பொருளே. பிழைத்த மனிதன் அல்லன்.

இது ஏட்டிலுள்ள சட்டம். கடலிலே அது என்ன ஆயிற்று என்பதைக் காட்ட ஓர் இரவு இருக்கிறது.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கோர்ண்வால் பகுதியிலே, எழுத்தின்படி 'எலிவளை' என்று பொருள்படும் பெயருடைய மீனவக் கிராமம் ஒன்றுண்டு. ஊரவர் அப்பெயரை 'மௌசல்' என்று உச்சரிப்பர். 1981 டிசம்பர் 19, சனிக்கிழமை. நத்தார்ப் பண்டிகைக்காகத் துறைமுகமெங்கும் வண்ண விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. வெளியே கடலில், 'யூனியன் ஸ்டார்' என்ற புத்தம் புதிய சரக்குக் கப்பல், தன் முதற் பயணத்திலே, ஒல்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு உரம் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தது. கப்பலில் எண்மர் இருந்தனர்: தலைவரும் நான்கு மாலுமிகளும், நத்தாரைக் குடும்பத்தோடு கழிக்கலாமென்று தலைவர் வழியில் ஏற்றிக்கொண்ட மனைவியும், அவ்வம்மையாரின் இரண்டு இளம்புதல்வியரும். எரிபொருளிற் கடல்நீர் கலந்து இயந்திரம் நின்றுவிட்டது. மீண்டும் இயங்க மறுத்தது. காற்றோ சூறாவளியாக வலுத்துக் கப்பலைக் கரைப்பாறைகளை நோக்கித் தள்ளியது.

அருகில் 'நோர்ட் ஹொலண்ட்' என்ற இழுவைக் கப்பல் இருந்தது. அது உதவிக்கு வர முன்வந்தது. நான் மேலே கூறிய திறந்த ஒப்பந்தத்தின்படி. 'யூனியன் ஸ்டார்' தலைவர் உடனே இசையவில்லை. உரிமையாளரைக் கலந்துகொள்ள வேண்டும் என்றார். கலந்த பின்னர் இசைந்தார். அதற்குள் பொழுது போயிற்று. கடல் மேலும் கொதித்தது. இழுவைக் கப்பலால் கயிறு இணைக்க இயலவில்லை.

அத்தலைவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. இயந்திரம் எந்த நிமிடமும் உயிர்பெறக்கூடும் என்ற நம்பிக்கை எந்த மாலுமிக்கும் இருக்கும். உடனே இசைந்திருந்தாற்கூடக் கயிறு தாங்கியிருக்குமா என்பதை எவரால் அறுதியிட்டுக் கூறமுடியும்? நான் சுட்ட விரும்புவது வேறொன்று. அந்தக் கூலியை அவர் தம் சட்டைப்பையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அது உரிமையாளரையும் காப்புறுதிக்காரரையும் சேரும் சுமை. தம் மனைவியும் மக்களும் அதே தளத்தில் நிற்கின்றனர். அப்படியிருந்தும், இவ்வளவென்று தெரியாத ஒரு தொகை, எழுதப்படாத ஓர் எண், அவரைக் கணநேரம் தயங்க வைத்தது. பேரம் வேண்டாமென்று திறந்து விடப்பட்ட இடத்திலேதான் அச்சம் புகுந்தது. பிறர் பணத்துக்கே இத்தனை தயக்கமென்றால், தன் வீட்டையும் நிலத்தையும் விற்றுக் கொடுக்க வேண்டியவன் எவ்வளவு தயங்குவான்!

அன்றிரவு 8.12 மணிக்கு மௌசலுக்கு அருகிலுள்ள பென்லி முனையிலிருந்து வேறொரு படகு கடலில் இறங்கியது. அதன் பெயர் 'சொலமன் பிரவுண்'. 47 அடி நீளமுள்ள மரப்படகு. அதற்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. அதில் ஏறியவர் எண்மரும் அவ்வூரைச் சூழ்ந்த மக்கள்: மீனவர், மதுச்சாலை நடத்துபவர், தொலைபேசித் தொழில்நுட்பர் என்று பலதிறத்தினர். சம்பளம் பெறாத தொண்டர்கள். படகுத் தலைவர் ட்ரெவெலியன் றிச்சர்ட்ஸ் ஆட்களைத் தெரிவு செய்தபோது, 17 வயது இளைஞனொருவனை வேண்டாமென்று நிறுத்திவிட்டார். அவனுடைய தந்தை ஏற்கெனவே படகில் ஏறியிருந்தார். இப்படியொரு இரவில் ஒரு குடும்பத்திலிருந்து ஒருவருக்குமேல் வரலாகாது என்பது அவர் கொண்ட முடிவு. அவர் எதை எதிர்பார்த்துப் புறப்பட்டார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதற்கு முன்னரே கடற்படை ஹெலிகொப்டர் ஒன்று வந்து பலமுறை முயன்று தோற்றிருந்தது. 60 அடி உயரம் எழுந்த அலைகளிற் கப்பலின் பாய்மரக்கம்பம் ஊசலாடியதால் அதனாற் கயிறு இறக்க முடியவில்லை. 'சொலமன் பிரவுண்' மீண்டும் மீண்டும் கப்பலின் பக்கத்தை அணுகியது; ஒருமுறை அலை அதனைத் தூக்கிக் கப்பலின் தளத்தின்மீதே எறிந்தது. அது வழுக்கி விழுந்து மீண்டும் அணுகியது. நால்வரை மீட்டுவிட்டோமென்று வானொலியிற் செய்தி வந்தது. அத்துடன் ஒலி அடங்கிற்று. கப்பலில் இருந்த எண்மரும் படகில் இருந்த எண்மரும் மாண்டனர்.

ஆக, அந்த ஓர் இரவிலே, ஒரே விரிகுடாவிலே, இரண்டு வகை மீட்பும் வந்து நின்றன. ஒன்றின் கையில் ஒப்பந்தம் இருந்தது. மற்றதன் கையில் ஒன்றுமில்லை. ஒப்பந்தம் வைத்திருந்தவர்களை இழித்துரைப்பது தகாது. அவர்களும் அப்புயலிலே தம் உயிரைக் கொண்டே நின்றவர்கள். கூலி பெறுவது இழிவுமன்று. இழுவைக் கப்பலுக்கு எண்ணெய் வேண்டும், மாலுமிக்குச் சோறு வேண்டும். ஆனால் அழைத்தவன் தயங்கியது எதன்முன்? தயங்காதது எதன்முன்? கேள்வியின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

அந்தத் தொண்டர்படகு ஓர் ஊரின் தனிப் பெருந்தன்மையால் மட்டும் வந்ததன்று. 1824ஆம் ஆண்டிலே சேர் வில்லியம் ஹிலரி என்பாரின் முயற்சியால் இலண்டனில் நிறுவப்பட்ட உயிர்காப்புப் படகுச் சங்கத்தைச் சேர்ந்தது அது. ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவிலே வாழ்ந்த அவர், கண்ணெதிரே கப்பல்கள் உடைவதைப் பார்த்துப் பார்த்து மனம் புழுங்கியவர். தாமே படகேறிப் பலரை மீட்டவர். அச்சங்கம் இன்றளவும் பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடையாலும் மரண சாசனங்களாலுமே நடைபெறுகிறது. மீட்கப்பட்டவரிடம் அது உயிர்விலை கேட்பதில்லை. எனினும் படகு இலவசமாக மிதக்கவில்லை. அதன் விலையை யாரோ, எப்போதோ, ஒரு வெயில்நாளில், உண்டியலில் இட்டுவிட்டனர். 'கொடுக்க வேண்டுமா, வேண்டாமா' என்று நம் மாணவர் வாதாடினர். 'எப்போது கொடுப்பது, எவர் கொடுப்பது' என்றல்லவா வாதாடியிருக்க வேண்டும்!

இனி, அந்த மெலிந்த மாணவனின் மலையேறிக்கு வருவோம். அவன் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ ஹாம்ஷயர் மாநிலம் அவன் சொன்னதையே சட்டமாக்கியிருக்கிறது. அங்குள்ள வெள்ளை மலைகளிற் காணாமற் போவோரைத் தேடும் பொறுப்பு, மீன்வளத்தையும் வேட்டை விலங்குகளையும் பராமரிக்கும் திணைக்களத்தைச் சேர்ந்தது. அச்செலவுக்குப் படகு, பனிவண்டி முதலியவற்றின் பதிவிலிருந்து ஒவ்வொரு டொலர் ஒதுக்கப்பட்டது. மலையேறுவோரோ எதையும் பதிவு செய்வதில்லை. படகுக்காரன் பணத்தில் மலையேறியைத் தூக்கிவருவது நியாயமா என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. முன்னர், கண்மூடித்தனமாக நடந்தவரிடம் மட்டுமே செலவை அறவிடலாமென்று இருந்த விதி, 2008ஆம் ஆண்டில், கவனக்குறைவாக நடந்தவரிடமும் அறவிடலாமென்று விரிந்தது. 2012ஆம் ஆண்டிலே, செயற்கை இடுப்பு மூட்டுப் பொருத்தப்பட்ட ஒருவர், அம்மூட்டு முன்னர் பலமுறை நழுவியிருந்தும், தனியே பலநாள் மலைப்பயணம் புறப்பட்டார். மலைமேல் மூட்டு மீண்டும் நழுவிற்று. சுமந்துவந்து இறக்கிய பின்னர், 9 ஆயிரம் டொலருக்கு மேற்பட்ட கட்டணச் சீட்டு அவரைத் தேடி வந்தது. அவர் வழக்காடினார். 2015ஆம் ஆண்டில் மாநில உயர் நீதிமன்றம் திணைக்களத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

இந்த வழக்கைப் படிக்கும்போது நானும் அம்மாணவன் பக்கமே சாய்கிறேன். அவர் செய்தது மடமையென்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டத்தின் அச்சம் யாரைச் சென்று தாக்குகிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். மடையன் தன்னை மடையனென்று கருதுவதில்லை. வீட்டிலிருந்து புறப்படும்போது அவன் கட்டணத்தை நினைப்பதுமில்லை. தனக்கு ஆபத்து வரும் என்று நினைப்பவனே அல்லன் அவன். கட்டணம் நினைவுக்கு வருவது, கால் சுளுக்கிப் பாறையிடுக்கில் அமர்ந்து, கையிலே தொலைபேசியை வைத்துக்கொண்டு, 'அழைப்பதா, இன்னும் சற்றுப் பொறுப்பதா' என்று யோசிக்கும் வேளையிலேதான். அப்போது யோசிப்பவன் யார்? கணக்குப் பார்ப்பவன்; கூச்சமுள்ளவன்; வறியவன். கட்டணம் அசட்டையானவனைப் போகவிடாமல் தடுப்பதில்லை. அடக்கமானவனை அழைக்கவிடாமல் தடுக்கிறது. மாலை 4 மணிக்கு அழைத்திருந்தால் வெளிச்சத்தில் இருவர் சென்று கூட்டிவந்திருக்கலாம். நள்ளிரவில் அழைத்தாற் பனியிலே இருபதின்மர் தேட வேண்டும். மீட்கப் போகிறவனின் மனைவி மக்களை நினைத்து உருகினானே அம்மாணவன், அவர்களுக்கே இது கேடு. அமெரிக்க மலைமீட்புத் தொண்டர்களின் சங்கமே கட்டணத்தை எதிர்ப்பது இக்காரணம் பற்றியே. கூலி கேட்க வேண்டியவர்களே கூலி வேண்டாம் என்கின்றனர்!

இதை எழுதும்போது மலையும் பனியும் என் மனத்தில் இல்லை. எங்கள் ஊர்த் திண்ணையொன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, என் சின்னம்மாவுக்கு நெஞ்சு நோவு கண்டது. ஊரில் வாடகைக் கார் ஒன்றே இருந்தது. மகன் ஓடப் புறப்பட்டான். "விடியட்டும் தம்பி, இந்தச் சாமத்திலை கார்க்காரன் இரட்டிப்பாய்க் கேட்பான்" என்று அவர் தடுத்துவிட்டார். வேர்க்கொம்பு அவித்துக் குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தார். விடிந்தபோது கார் தேவைப்பட்டது, ஆனால் அவசரம் இருக்கவில்லை. கார்க்காரர் கெட்டவரல்லர், அன்று அவர் காசே வாங்க மறுத்துவிட்டார். சின்னம்மாவும் கஞ்சத்தனம் உடையவரல்லர். மாதக் கடைசியிலே எதைக் குறைத்து எதைக் கொடுப்பது என்று கணக்குப் பார்த்தே வாழ்ந்த கை, அந்த இரவிலும் கணக்குப் பார்த்தது, அவ்வளவே. இன்று அதே ஊரில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வந்து நிற்கிறது. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான அச்சேவை, பின்னர் வடக்குக்கும் வந்தது. அவ்வண்டியின் ஓசை கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணை நினைவுக்கு வருகிறது.

'அப்படியாயின், முன்கூட்டியே சந்தா வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததே' என்று ஒருவர் கூறலாம். தீரவில்லை என்பதற்கும் அமெரிக்காவிலேயே சான்றுண்டு. டென்னசி மாநிலத்தின் சவுத் புல்டன் நகரத் தீயணைப்புப் படை, நகரத்துக்கு வெளியே வாழ்வோரிடம் ஆண்டுக்கு 75 டொலர் பெற்றுக்கொண்டு தன் சேவையை வழங்கிவந்தது. 2010 செப்டம்பரில், சந்தா செலுத்தாத ஒருவரின் வீடு தீப்பற்றியது. தாம் கட்ட மறந்துவிட்டதாகவும், எவ்வளவு செலவாயினும் இப்போதே கொடுப்பதாகவும் அவர் கூறினார். படை வரவில்லை. தீ அயலவரின் நிலத்தைத் தொட்டதும் வந்தது. ஏனெனில் அயலவர் சந்தா கட்டியவர். அவருடைய நிலத்தைக் காத்துவிட்டு, பக்கத்தில் வீடு எரிந்து சாம்பராவதைப் பார்த்து நின்றது. உள்ளே இருந்த மூன்று நாய்களும் ஒரு பூனையும் மாண்டன. தீயணைப்போர் அரக்கரல்லர். கட்டாதவனின் தீயையும் அணைத்தால் மறு ஆண்டு யார் கட்டுவார் என்ற தருக்கம் அவர்களுடைய நகரசபையின் தருக்கம். தருக்கத்திலே பிழை காண்பதும் எளிதன்று. குழாய் கையில் இருக்கத் தீயைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஒரு மனிதனுக்குக் கட்டளையிடும் தருக்கம் எங்கோ வழிதவறியிருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். பெரும் கண்டனம் எழுந்தது. பின்னர் அந்நகரம், சந்தா கட்டாதவரின் தீயையும் முதலில் அணைத்துவிட்டுக் கட்டணத்தைப் பின்னர் அறவிடும் முறைக்கு மாறிற்று.

சந்தா முறையைச் செம்மையாக நடத்துவோரும் இருக்கின்றனர். சுவிற்சர்லாந்திலே, 1952ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'றேகா' என்ற வான்மீட்பு அமைப்புக்கு 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் சிறு தொகை கொடுத்து ஆதரவாளராக இருக்கின்றனர். ஆதரவாளரை மீட்க நேர்ந்தால், காப்புறுதி கொடுக்காத செலவை அது தள்ளுபடி செய்யலாம். ஆதரவாளரல்லாதார் அழைத்தாலும் ஹெலிகொப்டர் பறக்கிறது. பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் புறப்படுவதில்லை. டென்னசிக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை இந்த ஒன்றேதான். அதுவே போதிய வேற்றுமையுமாகும். ஆயினும் ஆதரவாளரல்லாத வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிக்குக் கட்டணச் சீட்டு உண்டு. அவன் தயக்கம் அங்கும் தீரவில்லை.

மலையின் மறுபக்கத்திலுள்ள பிரான்சு இன்னும் ஒருபடி சென்றிருக்கிறது. அது சென்ற வழி துயரமானது. 1956 நத்தார் காலத்தில், பிரெஞ்சு இளைஞர் ஒருவரும் பெல்ஜிய இளைஞர் ஒருவரும் மொன் பிளாங் மலையிற் புயலிலே சிக்கினர். கீழே ஷமோனி நகரிலிருந்து தொலைநோக்கியால் அவர்களைப் பார்க்க முடிந்தது. பார்க்கத்தான் முடிந்தது. மீட்பது இன்னாரின் கடமையென்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. உள்ளூர் வழிகாட்டிகள் தயங்கினர். அன்னபூர்ணா புகழ் லியொனல் டெறே அதைப் பொறாமல் தாமாகவே ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு மலையேறினார். இராணுவ ஹெலிகொப்டர் ஒன்று அவர்களருகே விழுந்து நொறுங்கியது. விழுந்தோரை மீட்பதே பெரும்பாடாயிற்று. இளைஞர் இருவரையும் உடைந்த ஹெலிகொப்டருக்குள்ளே கிடத்திவிட்டு, 1957 ஜனவரி 3ஆம் நாள் முயற்சி கைவிடப்பட்டது. மார்ச் மாதத்திலே உடல்கள் கிடைத்தன. நாடு முழுவதும் வெட்கமுற்றது. 1958ஆம் ஆண்டில் மலைமீட்பு அரசின் ஒழுங்கமைந்த கடமையாயிற்று. இன்று அம்மலைகளில் அரசின் மீட்புப் படை மலையேறியிடம் கட்டணம் கேட்பதில்லை. பனிச்சறுக்குத் தளங்களில் மட்டும் ஊராட்சிகள் செலவை அறவிடலாம்.

பொய்யாக அழைப்பவனை என்ன செய்வது, எச்சரிக்கைப் பலகையை மிதித்துக்கொண்டு போனவனை என்ன செய்வது என்று அம்மாணவன் மீண்டும் எழுந்து கேட்கக்கூடும். தண்டியுங்கள் என்பேன். ஆனால் நீதிமன்றத்தில், குற்றத்தின் அளவுக்கேற்பத் தண்டியுங்கள். குற்றத்துக்குத் தண்டம் வேறு, மீட்புக்குக் கூலி வேறு. ஒரே அளவு அசட்டையாகப் போன இருவருள், 1 மணி நேரத்திற் கண்டுபிடிக்கப்பட்டவன் சிறிதும், 3 நாள் பனியிற் கிடந்தவன் பெரிதும் கொடுக்க வேண்டுமென்றால், அது அசட்டைக்கு விதித்த தண்டமாகுமா? அதிகம் துன்புற்றதற்கு அல்லவா அவன் அதிகம் கொடுக்கிறான்!

பென்லிப் படகு அழிந்த செய்தி பரவியபின், அவ்வூருக்கென 30 இலட்சம் பவுணுக்கு மேல் நன்கொடை வந்து குவிந்தது. அதற்கு வரி விதிக்க அரசாங்கம் முயன்று, மக்களின் சினத்துக்கு ஆளாயிற்று என்பதையும் குறிப்பிட வேண்டும். வரிக் கணக்காளரின் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை. அனர்த்தம் நிகழ்ந்த மறுநாளே, புதிய படகொன்றை ஓட்டுவதற்குப் போதிய ஆட்கள் அதே மௌசலிலிருந்து தம் பெயரைக் கொடுத்துவிட்டனர். ட்ரெவெலியன் றிச்சர்ட்ஸ் அன்றிரவு கரையிலே நிறுத்திவிட்டுப் போன அந்த இளைஞன் பிற்காலத்தில் அதே பென்லி நிலையத்தின் படகுத் தலைவனானான். நத்தார் விளக்குகளை அவ்வூரார் இன்றும் ஆண்டுதோறும் ஏற்றுகின்றனர். டிசம்பர் 19ஆம் நாள் இரவு மட்டும், 8 மணியிலிருந்து 9 மணிவரை, அவற்றை அணைத்துவைக்கின்றனர்.